பாய்மரத் தெருவின் பயப்பாசி

பயம் என்ன நிறத்தில் இருக்கும் என்று தூத்துக்குடியில் வேறு எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள்; மாதா கோயிலின் முதுகை ஒட்டிப் போகிற பாய்மரத் தெருவில் கேட்டால் மட்டும், யாருடைய பயம் என்று திருப்பிக் கேட்பார்கள். ஏனென்றால் சிசிலியா அக்காவின் பயம் பச்சைத் திராட்சைக் கொத்து மாதிரி இருந்தது, பங்குச் சாமியாருடையது சேவல் கொண்டை மாதிரி சிவந்து மடிப்பு மடிப்பாக இருந்தது, சங்கு குளிக்கிற கொரேரா மாமாவுடையது வெற்றிலை மாதிரி அகலமாக இருந்தது, எல்லாமே ஜெசிந்தா வீட்டு மீன் தொட்டிக்கு அடியில் ஒரு விளக்கின் கீழே வளர்ந்தன என்று, கரைக்கு மீன் வந்த கதையைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் பாசி வளரத்தானே செய்யும், இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.

ஜெசிந்தாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், கோணாத கையெழுத்துக்காரி, பகலிலேயே இரண்டு தடவை கதவுத் தாழைத் தொட்டுப் பார்க்கிறவள். அவளுடைய மகள் டெல்பினா ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது நாள் கிடந்து, ஒரு முருங்கைக்காய்க் கட்டு எடையில் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து தாயின் உடம்பை விட்டு இறங்கியதே இல்லை. தோள், மடி, மார்பு, மறுபடி தோள். பிள்ளைக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது, ஒரு தடவைகூட அது தரையைத் தொட்டதில்லை. கீழே விட்டால்தானே புரளும், புரண்டால்தானே முதுகு நிற்கும் என்று டாக்டரம்மா முதல் தடவை சிரித்துக்கொண்டு சொன்னார், இரண்டாம் தடவை சிரிக்காமல் சொன்னார், மூன்றாம் தடவை, அடுத்த மாதமும் இப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளையின் இடுப்பு வலுக்காமலே போய்விடும் என்று மேசையில் பேனாவைத் தட்டிச் சொன்னார். ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் பாயை விரிக்கத்தான் செய்தாள். விரித்ததும் எறும்பு கண்ணுக்குத் தெரியும், எறும்புக்கு மேலே பல்லி தெரியும், பல்லிக்கு மேலே மின்விசிறியின் திருகாணி தெரியும், எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்று, பிள்ளையின் மூச்சு திடீரென்று நின்றுவிடும் என்ற நினைப்பு வந்து நிற்கும். பவுடர் டப்பாக் கண்ணாடியைப் பிள்ளையின் மூக்கில் வைத்து, ஆவி படிகிறதா என்று பார்த்து, பாயைச் சுருட்டிவிடுவாள்.

அவள் புருஷன் பெலிக்ஸ் கப்பலில் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வீட்டில் இருந்த மூன்று மாதத்திலும் அவனுக்குக் கடல் இல்லாமல் முடியவில்லை என்று முன்னறையில் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி கட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பவளப் புற்றுகளும் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு வெட்கப்பட்ட மணல் மீனும் விட்டு, பொண்டாட்டி பிள்ளையோடு சேர்த்து அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தொட்டிக்குக் கீழே, அலமாரிக் கதவுகளுக்குப் பின்னால், இன்னொரு சின்னத் தொட்டி. அதை அவன் சம்ப் என்பான். மேலே அழுக்காகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, கழுவப்பட்டு, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். அந்தப் பங்குனியில் தண்ணீர் கெட்டது. கண்ணாடியில் பழுப்பு வழுவழுப்பு படிந்தது, சோதனைக் குப்பியில் மருந்து விட்டால் ரத்தச் சிவப்பாக மாறியது. எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து பெலிக்ஸ் குரல் அனுப்பினான்: சம்புக்குள் ஒரு கைப்பிடி கடற்பாசி போட்டு அதற்கு ஒரு விளக்கு வை, தண்ணீரில் மிஞ்சிக் கிடக்கிற அழுக்கையெல்லாம் பாசி தின்று வளரும், வளர்ந்ததை அறுத்து வெளியே எறிந்துவிடு, அறுக்காமல் விட்டு அது உள்ளேயே அழுகினால் தின்றதெல்லாம் தண்ணீருக்கே திரும்பி வந்துவிடும்.

பாசி கிடைப்பது சுலபமாக இருந்தது. கொரேரா மாமா முயல் தீவுப் பக்கம் முங்கி, சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒரு பச்சைப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். விளக்குதான் பாடாய்ப் படுத்தியது. வீட்டு மாதா பீடத்தில் எரிந்த ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றி வைத்தாள். ஐந்தே நாளில் பாசி வெளிறி, தொட்டால் கையில் கரைந்தது. மாமா இன்னொரு பந்து கொண்டுவந்தார். அதற்கு சமையல்கட்டு டியூப்லைட்டைச் சாய்த்து வைத்தாள். பாசி சாகவுமில்லை வளரவுமில்லை, பழுப்பு வழுவழுப்பு மட்டும் கொண்டாட்டமாக அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது பாசிக்குச் சோறு இல்லை, அது சிவப்பையும் நீலத்தையும்தான் விரும்பித் தின்னும் என்று பெலிக்ஸ் நாலு நிமிஷத்துக்குப் பேசி அனுப்பியதை, ஜெசிந்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே, தெருக்கோடியில் ஒலிபெருக்கியும் திருவிழா விளக்கும் வாடகைக்கு விடுகிற இன்னாசி அண்ணனிடம் போட்டுக் காட்டினாள்.

இன்னாசிக்கு அது உடனே புரிந்தது. மாதா திருவிழாவில் கோபுரத்துக்கு ரோஜா நிறம் அடிக்கிற எல்.இ.டி விளக்கில் சிவப்பும் நீலமும்தான் இருக்கின்றன, வெள்ளையே கிடையாது என்று, அதில் ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தார். தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதற்கு மட்டும் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். கிட்டே வைத்தால் பாசியின் நுனி கருகும், தள்ளி வைத்தால் சுவர்தான் பச்சையாகும். வயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்த பிறகுதான் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். தண்ணீர் வயர் வழியாக ஓடி வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவிட்சுக்கு ஏறாது. எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு தடவை டெஸ்டரை வைத்துப் பார்த்தார். தொட்டியின் மேல்விளக்கு அணைந்ததும் இதைப் போடு, மேல்விளக்கு எரியும்போது இதை அணைத்துவிடு, பாசிக்கும் தூக்கம் வேண்டுமாம் என்று, பெலிக்ஸ் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கோயிலில் அந்திச் செபத்துக்கான திரிகால மணி அடித்துக்கொண்டிருந்தபோது, பாசிப் பந்து மோட்டாரில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு ஜெசிந்தா வலது கையை மணிக்கட்டு வரை சம்புக்குள் விட்டாள். ஊதா வெளிச்சத்தில் அவளுடைய விரல்கள் யாரோ ஒருத்தியின் விரல்கள் மாதிரித் தெரிந்தன. பந்தை விலக்கிவிட்டுக் கையை எடுத்தபோது, மின்விசிறியைப் பற்றிய பயம் அவளிடம் இல்லை. அண்ணாந்து பார்த்தாள், விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு இரவுக்கு உப்புமா கிண்டப் போனாள். காலையில் பச்சைப் பந்துக்குப் பக்கத்தில் மூன்று இதழ் உள்ள ஒரு புதுப் பாசி முளைத்திருந்தது, தண்ணீர் ஓட்டத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு.

அன்று கையை விட்டாள், எறும்பு போனது. மறுநாள் பல்லி போனது. அதற்கடுத்த நாள் குக்கர் விசில், பிறகு ஜன்னல் வழியாக வரும் பூனை, பிறகு டாக்டரம்மாவின் பேனா. ஒவ்வொன்றும் ஒரு தினுசாக முளைத்தது, இறகு மாதிரி, ரிப்பன் மாதிரி, கடுகுச் சரம் மாதிரி. சோதனைக் குப்பியில் தண்ணீரும் சிவப்பிலிருந்து ஆரஞ்சாகி மஞ்சளாகியது, கோமாளி மீன்கள் கண்ணாடிக்கு ஓடிவந்து அவள் மூக்கைக் கொத்தப் பார்த்தன. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சுவரோரமாக நடக்கிற பழக்கமுள்ள ஜெசிந்தா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் நடந்து போய்ப் பால் வாங்கி வந்தாள். அந்த ஒன்று மட்டும், மூச்சைப் பற்றிய அந்த ஒன்று மட்டும், கைக்குள் இறங்கி வராமல் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. பிள்ளை இன்னும் தோளில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு சிசிலியா அக்கா ஊதா வெளிச்சத்தை ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்த்தாள். சாயங்கால நேரம், அலமாரிக்குள்ளிருந்து ரோஜாவும் நீலமுமாக வெளிச்சம், தண்ணீர் ஓடுகிற சத்தம், அதன் முன்னால் மண்டி போட்டிருக்கிற இளம் தாய், தோளில் குழந்தை. வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் மீன் தொட்டி என்று நினைத்திருப்பாள். பாய்மரத் தெருக்காரி ஆனதால், முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்து, தானும் மண்டி போட்டாள்.

"ஏட்டி ஜெசி, வீட்டுக்குள்ள மாதாவுக்குக் கெபி கட்டிருக்க, ஒரு வார்த்தை சொன்னியா?"

கெபி இல்லை, பாசி வளர்க்கிறேன் என்று ஜெசிந்தா சொல்லி முடிப்பதற்குள் சிசிலியா அக்கா தீர்த்தத் தொட்டி என்று நினைத்து விரலை முக்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பதினொரு வருஷமாக அவளை ஆட்டிப்படைத்தது, செத்துப்போன மாமியாரின் போட்டோ. குழம்பில் புளி கூடினால் அந்தப் போட்டோவின் கண் தன் முதுகில் படுகிறது என்பாள். அன்று வீட்டுக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறி, போட்டோவைக் கழற்றி, வினிகர் போட்டுத் துடைத்து, "ஒங்களுக்கும் அந்த மூக்குத்தி எடுப்பாத்தான் இருக்கு அத்தை" என்று சொல்லி மறுபடி மாட்டினாள் என்று அவள் புருஷனே தெருவில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு யாரைத் தடுக்க முடியும்? பதினேழு வீட்டுச் சனமும் வந்தது. தண்ணீரில் பத்துப் பாக ஆழம் முங்குவதற்கு அஞ்சாத கொரேரா மாமா, மகள் வீட்டு லிப்டுக்குப் பயந்து நாலு மாடி நடந்து ஏறுகிறவர், கையை முக்கிவிட்டுப் போய் அன்று மாலை முழுக்க அந்த லிப்டில் மேலும் கீழும் போய்வந்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினார். பங்குச் சாமியார் இது என்ன கூத்து என்று விசாரிக்க வந்தார், விசாரித்தபடியே சுட்டுவிரலை மட்டும் முக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆயர் இல்லத்திலிருந்து போன் வந்தால் இரண்டாவது மணியிலேயே எடுத்துச் சத்தமாகப் பேசினார். கணக்கு டீச்சருக்குப் பயந்த பிள்ளைகள் டீச்சரிடமே போய் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றன. டீச்சரும் வந்து முக்கிவிட்டுப் போனவள்தான் என்பதால், எனக்கும் அந்தப் பாடம் விளங்காது என்று ஒப்புக்கொண்டாள். தெருமுனையில் பத்து வருஷமாக எல்லோரையும் குரைத்தே ஆண்ட கருப்பு நாய், பயப்பட ஆளில்லாமல் இளைத்து, வெட்கப்பட்டு, வேறு தெருவுக்குக் குடிபோனது. அந்தத் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்தார்கள், சத்தமாகப் பாடினார்கள், வயதான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், முப்பது வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பிகள் வாசலில் நின்று பேசினார்கள், ஜெசிந்தா வீட்டில் காலை முதல் இருட்டும் வரை தேத்தண்ணீர் கொதித்தது, அவள் எல்லோருக்கும் நடுவில் பிள்ளையைத் தோளில் ஏந்தி முகம் சிவக்க நடந்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில்கூட அவள் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

தொந்தரவும் இல்லாமலில்லை. நேர்ச்சை என்றால் உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவது அந்தக் கரை வழக்கம். ஆளுக்கொரு பிடி உப்பும் மிளகும் சம்புக்குள் விழுந்து, தண்ணீர் கரித்துப்போய் மணல் மீன் மணலை விட்டு எழுந்து மூச்சு வாங்கியது. மிளகை வடிகட்டி எடுத்து, நல்ல தண்ணீர் சேர்த்து, இனிமேல் உப்பை ஸ்டூல் மேல் வையுங்கள், தேவைப்படும்போது நான் அளந்து போட்டுக்கொள்கிறேன் என்று ஜெசிந்தா கும்பிட்டுச் சொன்ன பிறகுதான் அது நின்றது. அறுத்த பாசியை என்ன செய்வது என்பது இன்னொன்று. முதலில் கொரேரா மாமா கூடையில் அள்ளிப்போய்க் கடலில் கொட்டினார். மறுநாள் சாளை மீனெல்லாம் வலையின் நிழலைக் கண்டே சிதறி ஓடியது, வெறும் வள்ளத்தோடு கரை வந்தவர்கள் பாய்மரத் தெருவுக்கு வந்து, ஒங்க பயத்தை ஒங்க கொல்லையிலேயே வச்சுக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கோயில் வளாகத்துத் தென்னைகளுக்கு உரமாகப் புதைத்தார்கள். அந்தத் தென்னைகள் அன்றிலிருந்து ஒரு நெற்றைக்கூடக் கீழே விடவில்லை. முற்றிக் காய்ந்த காய்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு காற்றில் நடுங்கின.

இன்னாசி அண்ணன் மட்டும் கையை முக்கவில்லை. தினமும் ஒரு தடவை வந்து விளக்கு சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பார், உப்புக் காற்றில் திருகு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். சிசிலியா அக்கா அவரைச் சீண்டாத நாளில்லை. ஆம்பளைக்கு ஒரு விரல் நனைக்கப் பயமா என்பாள். பயம்தான் என்பார் அவர். "கரண்டுல கை வைக்கிறவன் மதினி நான். எம் பயம் எனக்குச் சோறு போடுது. அதைப் பாசிக்குப் போட்டுட்டா, மறுநாளு நீங்க எனக்கு ஒப்பாரிதான் வைக்கணும்."

அவர் சொன்ன நேரத்துக்குத்தான் ஜெசிந்தா முதலில் விளக்கை அணைத்துப் போட்டுவந்தாள். ஆனால் நேர்ந்துகொண்டு வருகிற சனத்துக்கு அது பொறுக்கவில்லை. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு அணைவதைப் பாய்மரத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அணையவே கூடாது, அணைந்தால் வீட்டில் ஆண்டவர் இல்லை என்று அர்த்தம் என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள். காலை ஆறு மணிக்கு ஜெசிந்தா சுவிட்சில் கை வைத்தால், வாசலில் நிற்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். பாசிக்குத் தூக்கம் வேண்டும் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சிசிலியா அக்கா, ஒரு நல்ல காரியம் செய்கிற நிதானத்தோடு, சுவிட்சைப் போட்ட வாக்கில் வைத்து அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அந்தப் பிளாஸ்டர் மேல் ஒரு மாதா படமும் ஒட்டிவிட்டாள். மாதா படத்தைக் கிழித்து யார் விளக்கை அணைப்பது?

பாசி இரவும் பகலும் தின்றது. கொத்தும் கொண்டையும் வெற்றிலையும் ரிப்பனும் சம்பை அடைத்து, விளிம்பைத் தாண்டி, அலமாரிக் கதவைத் தள்ளின. யாரும் கையை முக்கவே வேண்டியிருக்கவில்லை. வாசலைத் தாண்டினாலே போதும், நெஞ்சுக்குள் இருக்கும் பயம் கழன்று போனது. இன்னாசி அண்ணன் மட்டும் அதற்குப் பிறகு வாசலைத் தாண்டாமல் ஜன்னல் வழியாகவே விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். சோதனைக் குப்பியில் தண்ணீர் நிறமே இல்லாமல் நின்றது. மேலே பவளப் புற்றுகள் ஒவ்வொன்றாக வெளிறின. பெலிக்ஸ் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ரொம்பச் சுத்தமாகிவிட்டது ஜெசி, ஒரு பொட்டாவது அழுக்கு இருந்தால்தான் அதுகள் உயிரோடு இருக்கும், விளக்கைக் குறை, உடனே குறை என்று பதறினான். ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள். அவன் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்து விளக்கின் முன்னால் நின்றபோது, நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்று, மூச்சைப் பற்றிய அந்த ஒன்று, பழுத்த காம்பு கழல்வதுபோலச் சத்தமில்லாமல் கழன்றது. சம்பின் மூலையில் முடியைவிட மெல்லிய ஒரு வெள்ளைப் பாசி முளைத்தது. ஜெசிந்தா பாயை விரித்து, டெல்பினாவைத் தோளிலிருந்து எடுத்து, பாயில் போட்டாள்.

செய்தி அடுத்த வீடு போவதற்கு முன்னால் தெருக்கோடிக்குப் போனது. பிள்ளையைக் கீழே விட்டுவிட்டாளாம்! பதினேழு வீடும் ஓடி வந்தது, கொரேரா மாமா ஈரத் துண்டோடு வந்தார், அண்ணன் தம்பிகள் கைகோத்து வந்தார்கள், உள்ளே இடமில்லாதவர்கள் வாசற்படிகளில் அடுக்கடுக்காக உட்கார்ந்தார்கள். ஜெசிந்தாவின் வீடு மழைத் தண்ணீருக்குப் பயந்து உயரக் கட்டியது, தெருவுக்கு ஏழு படி, படிக்குக் கீழே சிமெண்ட் ரோடு. டெல்பினா மல்லாக்கக் கிடந்து எட்டு மாதம் பார்க்காத கூரையைப் பார்த்தாள். காலைத் தூக்கினாள். இடுப்பை ஒடித்தாள். எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். ஒரு பக்கம் சாய்ந்து, முக்கி, முகம் சிவந்து, தொபீரென்று குப்புற விழுந்தாள். தெருவே கை தட்டியது, சிசிலியா அக்கா குலவையிட்டாள், பிள்ளைக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய் மறுபடி புரண்டாள், மறுபடி மறுபடி புரண்டாள், பாயைத் தாண்டினாள், குளிர்ந்த தரையில் எட்டு மாத ஆசையையும் ஒரே நாளில் தீர்ப்பவள்போல வாசலை நோக்கி உருண்டாள். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே பார்த்தாள். முதல் படியில் உட்கார்ந்திருந்தவர்கள், பிள்ளை வருகிறது என்று, காலை ஒதுக்கி வழி விட்டார்கள். இரண்டாம் படியில் இருந்தவர்களும் ஒதுங்கினார்கள். அவர்கள் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து இன்னாசி அண்ணன் டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டு படியேறி வந்தார். மேலே பார்த்தார், பார்த்த கணத்தில் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டார். பாய்மரத் தெருவில் மூன்று வாரமாக யாரும் கேட்டிராத சத்தம் அது. பாய்ந்தார், முட்டி சிராய்த்தது, டெஸ்டர் எங்கோ போய் விழுந்தது. முதல் படியின் விளிம்பில், தலை கீழாகத் தொங்கிய பிள்ளையை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். டெல்பினா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துச் சிரித்தாள்.

படிகளில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீங்கள்லாம் மனுசங்களா" என்றார். அப்புறம் ஜெசிந்தாவைப் பார்த்து, "நீ தாயாம்மா?" என்றார்.

யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. கொரேரா மாமா, அதான் பிடிச்சிட்டியே லே என்று அவர் தோளைத் தட்டினார். ஜெசிந்தா மட்டும் இன்னாசியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகள் நடுங்கின. அவருடைய பிள்ளையில்லை, அவருடைய வீடில்லை, நடுங்கின. மணிக்கட்டுக்கு மேலே ரோமம் சிலிர்த்து நின்றது. எட்டு மாதமும் தன்னிடம் இருந்த ஒன்று இப்போது இன்னொருவர் கையில் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. வலிக்காததுதான் கணக்குத் தப்பிய இடம் என்பதும் தெரிந்தது.

உள்ளே போய், மாதா படத்தை நுனி கிழியாமல் உரித்து, உதட்டில் ஒற்றி முத்தி செய்து, பீடத்தில் வைத்தாள். பிறகு பிளாஸ்டரைப் பிய்த்தாள். சிசிலியா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அணையா விளக்குட்டி அது. அணைச்சா தெருவுக்கே ஆவாது."

"கோயில்ல எரியது அணையா விளக்கு அக்கா. இது பாசிக்குச் சோறு. சாப்பிட்டுக்கிட்டே இருந்தா, அது நம்மளையுந்தான் தின்னும்."

சுவிட்சைத் தட்டினாள். ஊதா வெளிச்சம் போனதும், மூன்று வாரத்துக்குப் பிறகு, அந்த அறை வெறும் சாயங்கால அறையாக ஆனது. ஜெசிந்தா மண்டி போட்டு, முழங்கை வரை சம்புக்குள் கையை விட்டு, கொத்துகளையும் கொண்டைகளையும் விலக்கி, மூலையிலிருந்த அந்த வெள்ளை மயிர்ப் பாசியைத் தேடிப் பிடித்தாள். அதை வேரோடு எடுத்து, தண்ணீரை உதறி, வாயில் போட்டு மென்றாள். நறுக்கென்று, மீன் கழுவிய தண்ணீரின் வாசனையோடு, நல்ல உப்பாக இருந்தது. விழுங்கினாள்.

முதலில் வயிறு குளிர்ந்தது. அப்புறம் முதுகு. அப்புறம் ஏழு படியும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து இறங்கின, கடைசியில் சிமெண்ட் ரோடு வந்து இறங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அலறிய அலறலில் படியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கொரேரா மாமா படிகளைக் குனிந்து எண்ணிப் பார்த்தார். அவருக்குப் பிறகு சிசிலியா அக்கா, தான் கால் ஒதுக்கிய இடத்தைப் பார்த்து, யாரும் சொல்லாமலே சம்பை நோக்கி நடந்து, தன்னுடைய திராட்சைக் கொத்திலிருந்து நாலே நாலு மணியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மாமியார் போட்டோவுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்றாள். அப்படித்தான் அன்று ஒவ்வொருவராக வந்து, தனக்கு எவ்வளவு தேவை என்று தானே பார்த்து, கிள்ளியும் பிய்த்தும் மென்றார்கள். சாமியார் ஒரு மடிப்பு தின்றார், கணக்கு டீச்சர் பாதி ரிப்பன் தின்றாள், பேராசையில் கைப்பிடி தின்ற ஒருவரை மூன்று நாள் வீட்டுக்கு வெளியே பார்க்க முடியவில்லை. இனி எவ்வளவு நேரம் விளக்கு என்பதையும் நின்ற இடத்திலேயே பேசி முடித்தார்கள். சாயங்கால மணிக்குப் போடுவது, படுக்கப் போகுமுன் அணைப்பது, அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. குப்பியில் தண்ணீர் இளம் மஞ்சளாக இருக்க வேண்டும், வெளுக்கவே கூடாது. தெருமுனையில், எங்கிருந்தோ திரும்பி வந்த கருப்பு நாய் குரைத்தது. நாலைந்து பேர் நிம்மதியாகத் திடுக்கிட்டார்கள்.

இன்னாசி அண்ணன் பிள்ளையை இன்னும் விடவில்லை. ஜெசிந்தா கை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கையில் வாங்கியதும் அவள் செய்த முதல் காரியம், மூக்கருகே கன்னத்தை வைத்து மூச்சைப் பார்த்தது. சூடாக வந்தது. அவளுடைய கை தானாகவே பிள்ளையைத் தோளுக்குத் தூக்கியது, தோளும் தானாகவே சாய்ந்து இடம் கொடுத்தது, இனி வாழ்நாள் முழுக்க இறக்கவே வேண்டாம் என்று எலும்புகள் சொல்லின. கூரையில் விசிறி சுற்றியது. சுவரில் பல்லி இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"அண்ணே, அந்தக் கதவைச் சாத்துங்க" என்றாள். "ரெண்டு தாழும் போடுங்க."

தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் கேட்டு, போய் ஒரு தடவை தொட்டும் பார்த்துவிட்டு, பாயை உதறி, எறும்பு இருக்கிறதா என்று நாலு மூலையும் தடவி, டெல்பினாவைக் குப்புறப் படுக்கவைத்தாள். இரண்டடி தள்ளி அவளும் குப்புறப் படுத்துக்கொண்டாள். தூக்கட்டுமா என்று சிசிலியா அக்கா முணுமுணுத்ததற்கு, யாரும் தொடாதீங்க என்று கையால் மட்டும் காட்டினாள். பிள்ளை தலையைத் தூக்கியது, தலை ஆடியது, ஆடிய தலையோடு அம்மாவைப் பார்த்தது.

"வா" என்றாள் ஜெசிந்தா, பற்கள் தந்தியடிக்க. "வா, மக்கா."